அண்ணல் அம்பேத்கரும் ரூபாயின் சிக்கலும்

அண்ணல் அம்பேத்கர் என்றவுடன் அரசியல் அமைப்புச் சட்டத்தைக் கையில் ஏந்தி நிற்கும் திருவுருவமே நம் மக்களின் உள்ளத்தில் தோன்றுகிறது. மகத் நகரில் பொதுக் குளத்து நீருக்காகப் போராடிய தலைவராகவும், வட்டமேசை மாநாட்டில் ஒடுக்கப்பட்டோரின் குரலாக ஒலித்தவராகவும் அவரை நாம் போற்றுகிறோம். ஆனால் அப்பெருமகனார் அடிப்படையில் ஒரு பொருளியல் அறிஞர் என்பதையும், அவர் உலகறிய எழுதிய முதற் பெருநூல் நம் சட்டைப்பையில் கிடக்கும் ரூபாயைப் பற்றியது என்பதையும் நம் இளைஞர்களுள் பலர் அறியார். நாட்டின் பணத்தை யார் ஆளவேண்டும், அந்த ஆட்சிக்கு எவ்வளவு எல்லை வகுக்கவேண்டும் என்னும் வினாவை நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அவர் எழுப்பினார். இன்று இந்திய ரிசர்வ் வங்கியின் பணக்கொள்கைக் குழு இயங்கும் முறையை அறிய விரும்புவோர்க்கு அவ்வினாவே நல்ல தொடக்கம் ஆகும். ஆதலின் இவ்வெள்ளிவிழா மலரில் அண்ணலின் வாழ்வை இந்த ஒரு கோணத்தில் நின்று கூற முற்படுகிறோம்.

இளமையும் கல்வியும்

அண்ணல் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மத்திய இந்தியாவில் மாவ் என்னும் இராணுவ நகரில் பிறந்தார். தந்தையார் இராம்ஜி சக்பால் படையில் சுபேதாராகவும், படைப்பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றியவர். தாயார் பீமாபாய், அண்ணல் சிறுவனாக இருந்தபோதே மறைந்தார். பதினான்கு மக்களுள் கடைசியாகப் பிறந்த அச்சிறுவன் சாதாராவில் பள்ளிக்குச் சென்றபோது, வீட்டிலிருந்து கொண்டு சென்ற கோணியின்மேல் வகுப்பில் தனித்து அமரவேண்டியிருந்தது. தாகம் எடுத்தால் பிறர் ஊற்றினாலன்றி நீர் இல்லை.

பிள்ளையின் கல்விக்காக ஓய்வூதியத்தையும் உடன்பிறந்தாளின் நகைகளையும் செலவிடத் தயங்காத தந்தை வாய்த்தது அண்ணலின் நற்பேறு. 1907இல் மெட்ரிகுலேசன் தேறி, பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று, பொருளியலும் அரசியலும் பாடங்களாகக் கொண்டு பி.ஏ. பட்டம் பெற்றார். 1913இல் தந்தையார் மறைந்த அதே ஆண்டில், பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையோடு அமெரிக்கா சென்று, நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே செலிக்மன் முதலிய பேராசிரியர்களிடம் பொதுநிதி இயலைக் கற்றார். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியும் நிதியும் குறித்து ஆய்வுக் கட்டுரை எழுதினார். மாகாணங்களின் நிதி வளர்ச்சி குறித்த ஆய்வுக்காகப் பிற்காலத்தில் கொலம்பியா அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது.

1916இல் இலண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். ஓராண்டு முடிவதற்குள் உதவித்தொகைக் காலம் முடிந்தது. படிப்பைப் பாதியில் நிறுத்தி 1917இல் நாடு திரும்பினார். அது முதல் உலகப்போர்க் காலம். அவருடைய நூல்களும் உடைமைகளும் ஏற்றப்பட்ட கப்பல் செருமானிய நீர்மூழ்கிக் கப்பலால் தாக்கப்பட்டு மூழ்கியது. பரோடாவில் அரசுப் பணியேற்றார். ஆனால் தங்குவதற்கு ஓர் அறை தருவார் இல்லை. அலுவலகத்துக் கடைநிலை ஊழியர்களும் தீட்டுக்கு அஞ்சிக் கோப்புகளைத் தொலைவிலிருந்து எறிந்தனர். இரு நாடுகளில் உயர்கல்வி பெற்ற ஒருவர் பிறந்த நாட்டில் ஒரு கூரையின்றி மரத்தடியில் அமர்ந்து கண்ணீர் வடித்தார் என்னும் செய்தி நம் நெஞ்சை உருக்குவதாகும்.

1918இல் பம்பாய் சைடன்காம் வணிகக் கல்லூரியில் பொருளியல் பேராசிரியரானார். உடன் பணியாற்றிய சிலர் ஆசிரியர் அறையின் பொதுக் குடத்திலிருந்து அவர் நீர் அருந்துவதை எதிர்த்தனர். மாணவர்களோ அவருடைய விரிவுரையின் ஆழத்தைக் கண்டு வியந்தனர். பிற கல்லூரி மாணவரும் வந்து கேட்டனர். ஊதியத்தில் சிக்கனமாகச் சேமித்த தொகை, கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசாவின் உதவி, பார்சி நண்பர் நவல் பதேனா கொடுத்த கடன் ஆகிய மூன்றும் சேர்ந்து 1920இல் அவரை மீண்டும் இலண்டனுக்குக் கொண்டு சென்றன.

இலண்டனில் எழுந்த நூல்

இலண்டனில் அண்ணல் வாழ்ந்த வாழ்வை நம் மாணவர்கள் கருத்தில் கொள்ளவேண்டும். நூலகம் திறக்கும் நேரத்தில் உள்ளே சென்று, மூடும் நேரத்தில் வெளியே வருவார். உணவுக்குச் செலவிடும் காசைக் குறைத்து நூல்களுக்குச் செலவிட்டார். ஒருபுறம் பொருளியல், மறுபுறம் வழக்கறிஞர் படிப்பு என இரண்டையும் ஒருங்கே நடத்தினார். 1921இல் எம்.எஸ்சி. பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு டி.எஸ்சி. என்னும் உயர் பட்டத்திற்காக ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வேட்டை அளித்தார்.

ஆய்வேடு உடனே ஏற்கப்படவில்லை. சில பகுதிகளைத் திருத்தி எழுதுமாறு தேர்வாளர்கள் கூறினர். கையில் இருந்த பொருளோ தீர்ந்துவிட்டது. 1923இல் பம்பாய் திரும்பி, அங்கிருந்தே திருத்தி எழுதி அனுப்பினார். அவ்வாண்டின் இறுதியில் பட்டமும் கிடைத்தது. இலண்டன் பதிப்பகம் ஒன்று அதனை நூலாகவும் வெளியிட்டது. அந்நூலைத் தம் கல்விக்காகத் தியாகம் செய்த பெற்றோரின் நினைவுக்கே அண்ணல் காணிக்கையாக்கினார்.

நூலுக்கு முன்னுரை எழுதியவர் அவருடைய ஆசிரியர் எட்வின் கேனன். மாணவரின் வாதங்கள் பலவற்றைத் தாம் ஏற்கவில்லை என்பதை அம்முன்னுரையிலேயே கேனன் வெளிப்படையாகக் கூறினார். அதே வேளையில் அவ்வாதங்களின் புதுமையையும் கூர்மையையும் பாராட்டினார். கருத்து வேறுபட்ட மாணவரின் நூலுக்கு ஆசிரியர் முன்னுரை எழுதுவதும், தம்மை மறுக்கும் முன்னுரையை மாணவர் தம் நூலின் முகப்பில் வைப்பதும் அறிவுலகத்தின் உயர்ந்த பண்பாகும். ஆசிரியப் பணியில் உள்ள நமக்கு இச்செய்தி பெரிதும் இனிக்கிறது.

ரூபாய்க்கு நேர்ந்த சிக்கல்

அந்நூல் ஆராய்ந்த சிக்கல்தான் யாது? சுருங்கக் காண்போம். 1835இல் கம்பெனி ஆட்சி ஒரே எடையும் ஒரே மாற்றும் உடைய வெள்ளி ரூபாயை நாடெங்கும் செலாவணியாக்கியது. வெள்ளியைக் கொண்டுவரும் எவரும் நாணயச்சாலையில் கொடுத்து ரூபாயாக அடித்துக் கொள்ளலாம். ஆகவே ரூபாயின் மதிப்பு, அதிலுள்ள வெள்ளியின் மதிப்பே ஆகும். 1870களில் செருமனி முதலிய நாடுகள் வெள்ளியைக் கைவிட்டுப் பொன்னை நாணயமாக ஏற்கவே, வெள்ளியின் விலை சரியத் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டு ஷில்லிங் பெற்ற ரூபாய், 1890களின் தொடக்கத்தில் ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ் அளவுக்கு இறங்கியது. இலண்டனுக்கு ஆண்டுதோறும் ஸ்டெர்லிங்கில் பெருந்தொகை செலுத்த வேண்டியிருந்த அரசு, அதற்காக மேன்மேலும் மிகுதியான ரூபாயைத் திரட்டவேண்டியதாயிற்று.

1893இல் பொதுமக்களுக்கு நாணயச்சாலைக் கதவு அடைக்கப்பட்டது. அன்று முதல் ரூபாயை அடிக்கும் உரிமை அரசின் கையில் மட்டுமே தங்கியது. 1898இல் அமைந்த ஃபௌலர் குழு பொன் நாணயத் திட்டத்தைப் பரிந்துரைத்தது. நடைமுறையில் வந்ததோ வேறு. உள்நாட்டில் வெள்ளி ரூபாயும் தாளும் புழங்கும். வெளிநாட்டுக் கணக்கிற்கு மட்டும் ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்னும் விகிதத்தில் ஸ்டெர்லிங் கிடைக்க அரசு வழிசெய்யும். இதனைப் பொன் மாற்றுத் திட்டம் என்பர். கேம்பிரிட்ஜ் அறிஞர் கீன்ஸ் 1913இல் எழுதிய நூலில் இத்திட்டத்தைச் சிக்கனமானது, அறிவுக்கு ஒத்தது எனப் பாராட்டினார். அவ்வாண்டே அமைந்த சேம்பர்லின் ஆணையத்திலும் அவர் ஓர் உறுப்பினர்.

அத்தகைய பேரறிஞரின் கருத்தை மறுத்தே அண்ணல் தம் நூலை எழுதினார். அவர் எழுப்பிய முதற் கேள்வி எளியது. இத்திட்டத்தில் அரசு எவ்வளவு ரூபாய் வெளியிடலாம் என்பதற்கு எல்லை எங்கே உள்ளது? வெள்ளித் திட்டத்தில் உலோகமே எல்லையாக நின்றது. பொன் நாணயத் திட்டத்திலும் அவ்வாறே. பொன் மாற்றுத் திட்டத்திலோ அரசின் விருப்பமே எல்லை. தேவை வரும்போது ரூபாய் அடித்து வெளியிடப்படும். தேவை நீங்கியபின் அந்த ரூபாய் திரும்பி வராது. புழக்கத்தில் பணம் பெருகினால் பொருள்களின் விலை ஏறும். அந்நிய நாணயத்தோடு ரூபாயின் விகிதம் மாறாமல் நிற்பதைக் கண்டு அரசு மகிழலாம். உள்நாட்டில் ரூபாயின் வாங்கும் ஆற்றல் தேய்ந்துகொண்டே போகும்.

விலையேற்றத்தின் சுமை யார்மீது?

அண்ணலின் ஆராய்ச்சியில் நம் மக்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி இதுவே. ரூபாயின் மதிப்பு வீழ்ந்தால் ஏற்றுமதி பெருகும், அது நாட்டுக்கு நன்மை என்று அக்காலத்தில் பலர் வாதித்தனர். அண்ணல் அந்த நன்மை எங்கிருந்து பிறக்கிறது என்று ஆராய்ந்தார். வணிகர் தம் சரக்கை வெளிநாட்டில் விற்று முன்னினும் மிகுதியான ரூபாயைப் பெறுகிறார். பொருள்களின் விலை ஏறுகிறது. கூலியோ அவ்வளவு விரைவாக ஏறுவதில்லை. கூலிக்காரர் பெறும் அதே ரூபாய்க்கு முன்பு கிடைத்த தானியம் இப்போது கிடைப்பதில்லை. ஆகவே வணிகரின் ஆதாயம் வெளிநாட்டார் கொடுத்தது அன்று; பெரும்பகுதி உள்நாட்டு உழைப்பாளியின் தட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை அவர் விளக்கினார். நாட்டுக்கு நன்மை என்று பேசும்போது நாட்டில் எந்த வகுப்புக்கு நன்மை என்று கேட்கவேண்டும் என்னும் பாடத்தை அவர் நமக்குக் கற்பித்தார்.

இதனை நம் அன்றாட வாழ்வில் வைத்துப் பார்க்கலாம். விடுதி மாணவன் ஒருவனுக்கு அரசு வழங்கும் உதவித்தொகை ரூபாய்க் கணக்கில் மாறாமல் இருக்க, அரிசியும் பருப்பும் எண்ணெயும் விலை ஏறினால் என்ன நிகழும்? அவன் பெறும் தொகை ஏட்டில் குறையாது, இலையில் குறையும். நிலமும் வீடும் நகையும் உடையவனுக்கு விலையேற்றத்தால் சில ஆதாயங்களும் உண்டு. நாட்கூலியை மட்டுமே நம்பி வாழ்பவனுக்கு அதில் இழப்பு மட்டுமே உண்டு. சொத்தின்றிக் கூலியை நம்பி வாழ்வோர் நம்முள் மிகப் பலர். ஆதலால் ரூபாயின் மதிப்பு பணக்காரரின் கவலை என்று நாம் ஒதுங்கியிருத்தல் ஆகாது.

அண்ணல் கண்ட மருந்து யாது? ரூபாய் நாணயம் அடிப்பதைப் பொதுமக்களைப் போலவே அரசும் அறவே நிறுத்த வேண்டும். பொன் நாணயம் அடிக்கும் சாலையைத் திறக்கவேண்டும். பொன் நாணயத்துக்கும் ரூபாய்க்கும் சட்டப்படி ஒரு விகிதம் வகுக்க வேண்டும். இரண்டும் புழங்கலாம், ஆனால் ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தரும் கடமை அரசுக்கு இருத்தல் கூடாது. இதுவே அவர்தம் திட்டம். ஆள்வோர் நல்லவராக இருப்பார் என்று நம்பி அளவற்ற அதிகாரத்தைக் கொடுத்தல் தகாது. அதிகாரத்திற்கு வரம்பு கட்டியபின் எவர் வந்தாலும் தீங்கு குறையும் என்பதே அதன் உட்பொருள்.

ஆணையத்தின் முன்னர்

1925இல் இந்திய நாணயமும் நிதியும் பற்றி ஆராய ஹில்டன் யங் என்பவர் தலைமையில் அரச ஆணையம் ஒன்று அமைந்தது. அவ்வாண்டு டிசம்பர் 15ஆம் நாள் அண்ணல் அதன்முன் சாட்சியம் அளித்தார். அப்போது அவருக்கு வயது 34. எழுத்து வடிவிலும் தம் கருத்தை அளித்தார். உறுப்பினர்களின் குறுக்கு வினாக்களுக்கும் நேரில் விடையளித்தார். ஒரு காலத்தில் வகுப்பறைக் கோணியில் தனித்து அமர்த்தப்பட்டவர், பேரரசின் நிதி அறிஞர்களுக்கு எதிரே அமர்ந்து நாட்டின் நாணயத்தைப் பற்றி வாதிட்டார்.

ஆணையம் 1926இல் அறிக்கை அளித்தது. ரிசர்வ் வங்கி என்னும் பெயரில் மைய வங்கி ஒன்றை நிறுவ வேண்டும், பொன் கட்டித் திட்டத்தைக் கைக்கொள்ள வேண்டும், ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என விகிதம் வகுக்க வேண்டும் என்பன அதன் முதன்மையான பரிந்துரைகள். 1927இல் கொண்டுவரப்பட்ட மசோதா, வங்கி அரசுடையதா பங்குதாரருடையதா, இயக்குநர்களை யார் தேர்ந்தெடுப்பது என்னும் பூசல்களால் நிறைவேறவில்லை. இறுதியில் 1934இல் இந்திய ரிசர்வ் வங்கிச் சட்டம் இயற்றப்பட்டு, 1935 ஏப்ரல் 1ஆம் நாள் ஐந்து கோடி ரூபாய் மூலதனத்தில் பங்குதாரர் வங்கியாக அது பணி தொடங்கியது. விடுதலைக்குப் பின் 1949 சனவரி 1இல் நாட்டுடைமை ஆயிற்று.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்துதல் நம் கடமை. ரிசர்வ் வங்கி முழுவதும் அண்ணலின் நூலிலிருந்தே பிறந்தது என்று நம் மேடைகளில் சிலர் பேசக் கேட்கிறோம். அன்பின் மிகுதியால் பேசப்படுவது அது. ஆணையத்தின் பரிந்துரையோடு அண்ணலின் திட்டத்தை ஒப்பிட்டுப் பார்ப்போர்க்கு வேறுபாடு விளங்கும். அவர் கேட்டது பொன் நாணயமும் ரூபாய்க்கு நிலையான அளவும். ஆணையம் அளித்தது பொன் கட்டித் திட்டமும் மைய வங்கியும். அவர் கூறிய மருந்து ஏற்கப்படவில்லை. பிற்காலத்தில் பிரிட்டன் 1931இலும், டாலருக்கும் பொன்னுக்கும் இருந்த தொடர்பை அமெரிக்கா 1971இலும் கைவிட்டமையால், பொன்னால் பணத்துக்கு வரம்பு கட்டும் வழியே உலகில் மறைந்தது. ஆயினும் அண்ணல் எழுப்பிய வினா மறையவில்லை. உண்மையாக அவருக்குரிய புகழே மலையளவு இருக்க, இல்லாததை ஏற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. ஒரு பிழையைக் காட்டி அனைத்தையும் மறுக்க நினைப்போர்க்கு நாமே வழி திறந்து விடலாகாது.

வரம்பு கட்டிய சிற்பி

இந்த வரம்பு என்னும் எண்ணம் அண்ணலின் பிற்கால வாழ்விலும் தொடர்ந்தது. அரசியல் அமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவராக அவர் விளங்கியபோது, அரசின் செலவைத் தணிக்கை செய்யும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் பதவியைப் பற்றி 1949இல் அரசியல் நிர்ணய சபையில் பேசினார். இவ்வதிகாரியின் கடமை நீதித்துறையின் கடமையினும் முதன்மையானது என்பது அவர் கருத்து. மன்றத்தின் இசைவின்றி அரசு ஒரு காசும் செலவிடலாகாது என்பதைக் காக்கும் காவலர் அவரே என்பதால் அவ்வாறு கருதினார். மைய அரசுக்கும் மாநிலங்களுக்கும் வரி வருவாயைப் பகிர்ந்தளிக்க நிதிக் குழு அமைக்கும் 280ஆம் பிரிவும் அச்சட்டத்தில் இடம்பெற்றது. மாணவப் பருவத்தில் மாகாண நிதியை ஆராய்ந்த அறிவு வீண்போகவில்லை.

1947இல், ஓய்வறியாத அப்பணிகளுக்கு இடையிலும், ரூபாயைப் பற்றிய தம் நூலின் மறுபதிப்பை வெளியிட்டார். 1923க்குப் பிந்திய வரலாற்றை இரண்டாம் தொகுதியாக எழுதவும் எண்ணியிருந்தார். அத்தொகுதி வெளிவரவில்லை. 1956 டிசம்பர் 6ஆம் நாள் அப்பெருமகனார் தில்லியில் மறைந்தார்.

இன்றைய பணக்கொள்கைக் குழு

எழுதப்படாத அந்தத் தொகுதியின் பின்னுரை போல 2016ஆம் ஆண்டில் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. அதுவரை வட்டி விகிதத்தை முடிவு செய்யும் பொறுப்பு ரிசர்வ் வங்கி ஆளுநர் ஒருவரிடமே இருந்தது. ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. ஆனால் அதன் கருத்து அவரைக் கட்டுப்படுத்தாது. 2014இல் உர்ஜித் படேல் தலைமையிலான வல்லுநர் குழு அளித்த பரிந்துரையைத் தொடர்ந்து, 2016இல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டுப் பணக்கொள்கைக் குழு சட்டப்படி அமைந்தது.

நம் சங்கத்தின் செயற்குழு நடைபெறும் முறையை அறிந்த அன்பர்களுக்கு இக்குழுவின் அமைப்பு எளிதில் விளங்கும். உறுப்பினர் அறுவர். ஆளுநரே தலைவர். பணக்கொள்கைப் பொறுப்புடைய துணை ஆளுநரும், வங்கியின் மைய இயக்குநர் குழு நியமிக்கும் அதிகாரி ஒருவரும் சேர்ந்து மூவர் வங்கியின் உள்ளிருந்து வருவோர். மற்ற மூவரை மைய அரசு வெளியிலிருந்து நியமிக்கிறது. அமைச்சரவைச் செயலாளர் தலைமையிலான தேர்வுக் குழு அவர்களைப் பரிந்துரைக்கும். பொருளியல், வங்கியியல், நிதி ஆகியவற்றில் அறிவும் அனுபவமும் நேர்மையும் அவர்களுக்குத் தகுதி. அவர்கள் பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். மறுமுறை நியமனம் இல்லை. நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களும் அரசு ஊழியர்களும் அவ்விடங்களுக்கு வர இயலாது. மீண்டும் பதவி கிடைக்கும் என்ற ஆசையோ கட்சிப் பிணைப்போ வாக்கைச் சாய்த்துவிடலாகாது என்பதே இவ்விதிகளின் நோக்கம்.

ஆண்டுக்கு நான்கு கூட்டங்களேனும் நடைபெற வேண்டும். கோரம் எனப்படும் குறைந்த அளவு வருகை நால்வர். அவருள் ஆளுநரோ, அவர் வாராதபோது துணை ஆளுநரோ இருத்தல் வேண்டும். எனவே வங்கியின் மூவர் மட்டும் கூடி முடிவெடுக்க இயலாது. 2020 செப்டம்பர் இறுதியில் வெளி உறுப்பினர் மூவரின் காலமும் முடிந்து புதியவர் நியமிக்கப்படாமையால், குறித்த நாளில் கூட்டம் நடைபெறாமல் அக்டோபருக்குத் தள்ளிவைக்கப்பட்டது. விதி ஏட்டில் மட்டும் இல்லாமல் நடைமுறையிலும் நின்றதற்கு அது சான்று.

ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. வாக்குகள் சரிசமமானால் ஆளுநருக்கு இன்னொரு வாக்கு. ஒவ்வோர் உறுப்பினரும் தாம் அவ்வாறு வாக்களித்த காரணத்தை எழுத்தில் தரவேண்டும். முடிவு உடனே அறிவிக்கப்படும். யார் எவ்வாறு வாக்களித்தார், ஏன் என்பதைக் கூறும் நடவடிக்கைக் குறிப்பு பதினான்காம் நாள் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்படும். மைய அரசு தன் கருத்தை எழுத்தில் தெரிவிக்கலாம். வாக்களிக்க அதற்கு இடமில்லை. குழுவின் முடிவு வங்கியைக் கட்டுப்படுத்தும்.

குழு முடிவு செய்வது யாது? பிற வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி குறுகிய காலக் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டி விகிதம். அது ஏறினால் வங்கிக் கடன்களின் வட்டி ஏறும், கடன் வாங்குவோர் குறைவர், செலவு தணியும், காலப்போக்கில் விலையேற்றமும் தணியும். இறங்கினால் தொழிலுக்கும் வீட்டுக்கும் கடன் எளிதாகும். குழு 2016 அக்டோபரில் முதன்முறை கூடி இவ்விகிதத்தை 6.50இலிருந்து 6.25 விழுக்காடாகக் குறைத்தது.

குழுவுக்கு இலக்கு வகுப்பது மைய அரசு. வங்கியைக் கலந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதனை வகுக்கவேண்டும். நுகர்வோர் விலைவாசி ஆண்டுக்கு 4 விழுக்காடு ஏறலாம், 2க்குக் கீழும் 6க்கு மேலும் போகலாகாது என்று 2016இல் வகுத்த இலக்கையே 2021இலும் அரசு மீண்டும் அறிவித்தது. தொடர்ந்து மூன்று காலாண்டுகள் இவ்வெல்லையை மீறினால் அது தோல்வியாகக் கொள்ளப்படும். அப்போது தோல்விக்குக் காரணம், திருத்தும் வழி, எவ்வளவு காலத்தில் திருந்தும் என்னும் மூன்றையும் வங்கி அரசுக்கு எழுத்தில் விளக்கவேண்டும். 2022இல் முதல் மூன்று காலாண்டுகளிலும் பணவீக்கம் 6 விழுக்காட்டைத் தாண்டியது. நவம்பரில் தனிக் கூட்டம் கூடி அந்த அறிக்கையை வங்கி அனுப்பியது. அறிக்கையின் வாசகம் அப்போது மக்களுக்கு வெளியிடப்படவில்லை. கணக்குக் கேட்கும் உரிமை அரசுக்கு வந்துவிட்டது. அரசின் வழியாக அதை முழுதும் அறியும் உரிமை மக்களுக்கு வருதல் இன்னும் வேண்டும் என்பது நம் கருத்து.

அன்று அண்ணல் வேண்டியது பொன்னால் கட்டிய வரம்பு. இன்று வந்திருப்பது இலக்காலும் வாக்காலும் எழுத்தாலும் கட்டிய வரம்பு. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் பணத்தை ஆளும் கை தன் விருப்பம்போல் ஆடலாகாது, உள்நாட்டில் ரூபாயின் வாங்கும் ஆற்றல் காக்கப்படவேண்டும் என்னும் இரு கருத்துகளும் இன்று நாட்டின் சட்டத்தில் இடம் பெற்றுள்ளன.

இளைஞர்களுக்கு

இக்குழுவில் தொழிலாளருக்கென்றோ, ஏழை மக்களுக்கென்றோ தனி இடம் இல்லை. அறிவே அங்கு நுழைவாயில். ஆயினும் அங்கு எடுக்கப்படும் முடிவு நம் கூலியையும், நம் வீட்டு அடுப்பையும், நம் பிள்ளைகளின் கல்விக் கடனையும் தொடுகிறது. நமக்குத் தெரியாத மொழியில் நம்மைப் பற்றி முடிவெடுக்கப்படுவதை எத்தனை காலம் வெளியே நின்று பார்ப்பது?

நம் பிள்ளைகளுள் நன்கு படிப்போர் மருத்துவம், பொறியியல் என்னும் இரண்டையே நாடுகின்றனர். அவையும் வேண்டும். ஆனால் பொருளியலும் புள்ளியியலும் கணிதமும் கற்போர் நம்மிடையே பெருகவேண்டும். ரிசர்வ் வங்கியின் அதிகாரிகளும் இந்தியப் பொருளியல் பணியின் அலுவலர்களும் போட்டித் தேர்வின் வழியே எடுக்கப்படுகின்றனர். அவற்றில் நமக்குரிய இடஒதுக்கீடும் உண்டு. விண்ணப்பிப்போர் வேண்டும், விண்ணப்பிக்கும் தகுதியை இளமையிலேயே வளர்த்துக்கொள்வோர் வேண்டும். பட்டப் படிப்பில் பொருளியலை எடுக்கும் மாணவரை வேறு பாடம் கிடைக்காமல் வந்தவராக எண்ணும் வழக்கத்தைப் பெற்றோர் கைவிடவேண்டும். உலகறிந்த நம் தலைவர் எடுத்துப் படித்த பாடம் அது.

பணக்கொள்கைக் குழுவின் நடவடிக்கைக் குறிப்புகள் பொதுவில் கிடைக்கின்றன. கல்லூரி மாணவர்கள் சங்க நூலகத்தில் ஒன்றுகூடி அவற்றைப் படித்து, யார் என்ன காரணம் கூறினார், அக்காரணம் கூலிக்காரரைக் கருதிற்றா என்று விவாதிக்கலாம். அண்ணலின் நூலும் அவருடைய எழுத்துத் தொகுதிகளில் இடம்பெற்றுள்ளது. கடினமான நூல்தான், ஆனால் அரைவயிற்று உணவோடு இலண்டன் நூலகத்தில் அமர்ந்து ஒருவர் நமக்காக எழுதியதை, வயிறார உண்டு மின்விளக்கின் கீழ் அமர்ந்து படிக்க நமக்கு முடியாதா? திருவுருவத்துக்கு மாலை அணிவிக்கும் கைகள் அந்நூலின் ஏடுகளையும் புரட்டட்டும். இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்வியே விடுதலை என்று உழைத்துவரும் நம் சங்கம், அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நாட்டின் பணத்தை ஆளும் அவையில் அமரத்தக்க அறிஞர் ஒருவரையேனும் வளர்த்தெடுக்குமாயின், அதுவே அண்ணலுக்கு நாம் செலுத்தும் மெய்யான வணக்கம் ஆகும்.